கம்ப்யூட்டருக்கு ஜுரமா?

குழந்தையின் உடம்பு சுடுகிறதா என்று புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்க நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 98.4 வரை பயமில்லை, 100-ஐத் தாண்டினால் டாக்டர் வீடு. இந்தக் கணக்கு எந்தத் தாய்க்கும் மனப்பாடம்.

அப்படிப்பட்ட நம்மிடம் வந்து, "அம்மா, கிராஃபிக்ஸ் கார்டு 83 டிகிரி காட்டுதும்மா!" என்று பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும்? "அணைடா அதை முதல்ல! வெடிச்சுத் தொலைக்கப் போகுது" என்றுதான் கத்தத் தோன்றும். போதாக்குறைக்கு, தெர்மாமீட்டரில் நாம் பார்ப்பது ஃபாரன்ஹீட். கம்ப்யூட்டர் காட்டுவதோ சென்டிகிரேடு. 83 சென்டிகிரேடு என்றால் நம் தெர்மாமீட்டர் கணக்கில் 181 டிகிரி! பதறாமல் என்ன செய்வது?

பதற வேண்டாம், சகோதரிகளே! 83 டிகிரியில் அந்தக் கார்டு சௌக்கியமாகவே இருக்கிறது. ஆனால், 70 டிகிரி காட்டும்போதே கவனிக்க வேண்டிய கார்டும் உண்டு. இது என்ன புதிர் என்கிறீர்களா? விடை மிகவும் சுலபம். ஒரே ஒரு கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

அது என்ன கார்டு?

கார்டு என்றதும் ரேஷன் கார்டு அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். நாம் 'சி.பி.யூ.' என்று சொல்லும் பெட்டிக்குள், ஒரு பெரிய டிபன் பாக்ஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் சாமான் அது. திரையில் தெரியும் படங்களை எல்லாம் வரைந்து தருவது அதன் வேலை. பையன் விளையாடும் விளையாட்டு, பெண் படிக்கும் அனிமேஷன், வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பமும் வீடியோவும் தயாரித்துச் சம்பாதிக்கும் பெண்களின் தொழில்... எல்லாவற்றுக்கும் இதுதான் கை கொடுக்கிறது.

அதன் நடுவே ஒரு சில்லு. பிஸ்கட்டை விடச் சிறியது. வேலை செய்யும்போது அது குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. என்விடியா கம்பெனியின் 'ஆர்.டி.எக்ஸ். 4060' என்ற கார்டு 115 வாட் வாங்கும். பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட் என்று வைத்துக் கொண்டால், ஒன்றரை ஃபேன்! அதே கம்பெனியின் 'ஆர்.டி.எக்ஸ். 4090' கார்டுக்கோ 450 வாட். ஏறக்குறைய பாதி இஸ்திரிப் பெட்டி.

இத்தனை சூடும் அந்தச் சின்னச் சில்லிலேயே தங்கினால் கதி என்ன? அதனால்தான் அதன் மேல் செம்புக் குழாய்களையும், வரிசை வரிசையாக மெல்லிய அலுமினியத் தகடுகளையும் பொருத்தி, இரண்டு மூன்று குட்டி ஃபேன்களையும் வைத்திருக்கிறார்கள். சில்லின் சூட்டைச் செம்பு வாங்கித் தகடுகளுக்குக் கொடுக்கும். தகடுகளின் சூட்டை ஃபேன் காற்றில் தள்ளிவிடும். ஆற்றிய பாலைக் குழந்தைக்குக் கொடுக்கிற நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

எத்தனை டிகிரி வரை பயமில்லை?

சும்மா இருக்கும்போது 30 முதல் 50 வரை. கோடையில் 55 கூட ஆகலாம்.

கடுமையாக வேலை செய்யும்போது 60 முதல் 80 வரை. இது சாதாரணம்.

80-க்கு மேல் 85 வரை நல்ல சூடு, ஆனாலும் ஆபத்தில்லை. ஆண்டு முழுவதும் அப்படியே ஓடும் கார்டுகளும் உண்டு.

85-ஐத் தாண்டி 90-ஐ நெருங்கினால், 'ஏன்?' என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கம்பெனிகளே ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் உச்சவரம்பு சொல்லியிருக்கின்றன. 'ஆர்.டி.எக்ஸ். 4060' கார்டுக்கு 90. 'ஆர்.டி.எக்ஸ். 3060'-க்கு 93. அதற்கும் முந்தைய 'ஜி.டி.எக்ஸ். 1060'-க்கு 94. 2010-ல் வந்த 'ஜி.டி.எக்ஸ். 480' என்ற கார்டுக்கு 105 டிகிரி வரை அனுமதி! தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டி!

வரம்பைத் தொட்டால் என்ன ஆகும்? வெடிக்காது. கார்டு தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். திரையில் படம் திக்கித் திக்கி ஓடும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். குக்கரில் 'சேஃப்டி வால்வு' இருப்பது மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

பார்ப்பது எப்படி? 'விண்டோஸ் 10'-ன் 2020 மே மாத வடிவத்திலிருந்து இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். 'கன்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'ஜி.பி.யூ.' என்ற இடத்தைப் பார்த்தால், தனிக் கார்டு உள்ள கம்ப்யூட்டர்களில் டிகிரி தெரியும்.

வீட்டுச் சூட்டைக் கழியுங்கள்

இப்போது அந்தக் கழித்தல் கணக்குக்கு வருவோம்.

நம் உடம்புக்கு மார்கழியிலும் 98.4-தான், அக்னி நட்சத்திரத்திலும் 98.4-தான். வேர்வை சிந்தியாவது உடம்பு அதைக் காப்பாற்றிக் கொள்ளும். கார்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சுற்றியிருக்கும் காற்றைக் கொண்டுதான் அது தன்னை ஆற்றிக்கொள்ள வேண்டும். காற்று எவ்வளவு சூடோ, அதற்கு மேல்தான் அது நிற்கும். அறை 10 டிகிரி ஏறினால் கார்டும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும்.

ஜனவரியில் அறை 26 டிகிரி, கார்டு 68 என்று வையுங்கள். கழித்தால் 42. மே மாதத்தில் அறை 36, கார்டு 78. கழித்துப் பாருங்கள். அதே 42! கார்டுக்கு ஒன்றுமில்லை. வெயில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். 2003 மே 31-ம் தேதி சென்னையில் 45 டிகிரி அடித்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் எந்தக் கார்டுதான் குளிர்ந்திருக்கும்?

மாறாக, அதே ஜனவரியில், அதே 26 டிகிரி அறையில், அதே வேலையைச் செய்யும்போது கார்டு 82 காட்டினால்? கழித்தால் 56. போன வருஷம் 42 இருந்தது இந்த வருஷம் 56 ஆகியிருக்கிறது. எண் என்னவோ 'ஆபத்தில்லை' என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கோ காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இதே கார்டு மே மாதத்தில் 92-க்குப் போய் நிற்கும்.

ஆகவே, கார்டின் சூட்டை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுச் சூட்டைக் கழித்த பின் மிச்சம் என்ன என்று பாருங்கள். இளநீரும் மோருமாக நாம் வெயிலைச் சமாளிக்கிறபோது, பாவம், கார்டை மட்டும் குற்றம் சொல்லலாமா?

இதற்கு ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அறையின் சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். சில டிஜிட்டல் கடிகாரங்களிலேயே அது இருக்கிறது. அரை மணி நேரம் வழக்கமான வேலையோ விளையாட்டோ ஓடிய பிறகு இரண்டு எண்களையும் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மாதம் ஒரு தரம் போதும்.

இன்னொன்று. சில கார்டுகள் 80, 83 என்று ஓரிடத்தில் சூட்டை நிறுத்தி வைத்துக் கொண்டு, அதற்காக ஃபேனை மட்டும் மேலும் மேலும் வேகமாகச் சுற்றும். எண் ஏறாது, சத்தம் ஏறும். கிரைண்டர் சத்தம் மாறினாலே 'மாவு கெட்டியாயிடுச்சு' என்று அடுத்த அறையிலிருந்து சொல்கிறவர்கள் நாம். இந்தச் சத்தத்தையும் அப்படியே காதில் வாங்கிக் கொள்ளுங்கள்.

வளையல் தப்பியது

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மதுரையில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுத்துக் குடும்பத்துக்கு ஒத்தாசையாக இருக்கிறாள். வைகாசி முகூர்த்த சமயம். நாலைந்து வீடுகளில் முன்பணம் வாங்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் மதியமானால் மூச்சுத் திணறும். ஒரு நாள் நடுவேலையில் அணைந்தே போயிற்று.

கடைக்காரர் வந்து பார்த்தார். "கார்டு போயிடுச்சும்மா. புதுசு போட்டா முப்பதாயிரம் ஆகும்."

முப்பதாயிரத்துக்கு அவள் எங்கே போவாள்? கையிலிருந்த வளையலை அடகு வைக்கலாமா என்று மாமியாரிடம் யோசனை கேட்டிருக்கிறாள். மாமியார் விவரமானவர். "காலையில நல்லாத்தானே ஓடுது? போன பொருள் காலையில மட்டும் எப்படி ஓடும்? கொஞ்சம் பொறு" என்றாராம்.

கொழுந்தன் வந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். கார்டின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை போல் தூசி! அந்தப் பெட்டி இருந்ததோ பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். மேலே அழகாகப் பூவேலை செய்த துணி உறை வேறு. பின்பக்கம் பாதி மறைந்திருந்தது. அறை 34 டிகிரியில் கார்டு 92 காட்டிக் கொண்டிருந்தது. சுத்தம் செய்து, உறையை எடுத்து, இடத்தையும் மாற்றிய பிறகு அதே அறையில் 76. மிச்சம் 58-லிருந்து 42-க்கு இறங்கிவிட்டது. ஆல்பங்களும் முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தன. வளையல் கையிலேயே இருக்கிறது.

எல்லாக் கார்டுக்கும் தூசிதான் வியாதி என்று நான் சொல்ல வரவில்லை. பழுதாகும் கார்டும் உண்டு. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் தூசியைப் பார்த்துவிடுங்கள்!

எங்கே வைப்பது?

சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், தாளிக்கும் புகை... இவற்றில் உள்ள பிசுக்கு தூசியோடு சேர்ந்தால் தகட்டில் ஒட்டிக் கொள்ளும், லேசில் வராது. எனவே பூஜை இடமும் சமையலறை வாசலும் வேண்டாம்.

தரையில் வைத்தால் பெருக்கும் தூசியெல்லாம் உள்ளேதான் போகும். ஒரு சிறு முக்காலியோ பலகையோ போட்டு அதன் மேல் வையுங்கள். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் விட்ட சூட்டையே திரும்பக் குடிக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்புறமும், மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் ஆகாது. துணி உறை போட ஆசையா? அணைத்துச் சூடு ஆறிய பிறகு போடுங்கள்.

லாப்டாப் என்றால் மெத்தை, தலையணை, மடி மூன்றும் கூடாது. அது அடிப்பக்கமாகத்தான் மூச்சு விடுகிறது. மேஜை மேல் வைப்பதே நல்லது.

சுத்தம் செய்யும் முறை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். பெட்டியைத் திறப்பதால் வாரண்டி போகுமா என்று மட்டும் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

1. கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஒரு கால் மணி நேரம் ஆறட்டும்.

2. பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு போய்ப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புப் பாகத்தைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் போய்விடும்.

3. புது பெயின்ட் பிரஷ், மிருதுவானதாக ஒன்று எடுத்து மெதுவாகத் தட்டிவிடுங்கள். காற்றடிக்கும் சிறு 'புளோயர்' இருந்தால் இன்னும் நல்லது. காற்றடிக்கும்போது கார்டின் ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் ஃபேன் கெடும்.

4. ஈரத்துணி, சோப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் கூடாது. வீடு பெருக்கும் 'வேக்குவம் கிளீனர்' முனையையும் உள்ளே விடாதீர்கள்; அதில் நிலை மின்சாரம் உண்டாகும்.

இவ்வளவும் செய்தும் மிச்சம் குறையவில்லையா? சில்லுக்கும் செம்புக்கும் நடுவே பூசியிருக்கும் பசை சில வருஷங்களில் காய்ந்துவிடும். அதைப் புதிதாகப் பூச வேண்டும். அது மட்டும் விவரம் தெரிந்த மெக்கானிக் வேலை. நாம் கை வைக்க வேண்டாம்.

தண்ணீர் போதாத இட்லிப் பானை

சில சமயம் தப்பு நம்முடையதாகவே இருக்காது. 2022 டிசம்பரில் ஏ.எம்.டி. கம்பெனி 'ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ்.' என்ற விலையுயர்ந்த கார்டைக் கொண்டு வந்தது. வாங்கியவர்களில் சிலருக்குப் புத்தம் புதுக் கார்டிலேயே சில்லின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரியைத் தொட்டு, கார்டு வேகம் குறைந்தது. தூசியும் இல்லை, வெயிலும் இல்லை. காரணம் என்ன தெரியுமா?

அந்தக் கார்டில் சில்லின் மேல் மூடிய தட்டையான உலோகப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் தண்ணீர். சில்லின் சூட்டில் அது ஆவியாகி, மேலே குளிர்ந்து, திரும்ப நீராகிக் கீழே வரும். நம் இட்லிப் பானையேதான்! ஒரு தொகுதிக் கார்டுகளில் அந்தத் தண்ணீர் போதுமான அளவு ஊற்றப்படவில்லை. 2023 ஜனவரியில் கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுக்க முன்வந்தது.

அதனால், புதுக் கார்டு வாங்கினால் முதல் வாரத்திலேயே சூட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பில்லையும் பத்திரப்படுத்துங்கள். வாரண்டிக்குள் கேட்பது நம் உரிமை.

இவை நிஜமான ஆபத்து

கார்டின் டிகிரியை விட நாம் பயப்பட வேண்டியவை வேறு.

கருகிய வாடை வந்தால் எதையும் ஆராயாமல் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெரிய கார்டுகளுக்கு மின்சாரம் கொண்டு வரும் இணைப்பு முழுவதும் உள்ளே போய் அமர்ந்திருக்க வேண்டும். 2022 அக்டோபரில் 'ஆர்.டி.எக்ஸ். 4090' கார்டுகள் சிலவற்றில் அந்த இணைப்பு உருகியே போயிற்று. முழுக்கச் செருகப்படாததை ஒரு காரணமாகக் கம்பெனி சொன்னது. கார்டு மாட்டுகிறவரிடம், "நல்லா உட்கார்ந்திருக்கா? ஒயர் மடங்கலையே?" என்று கேட்டுவிடுங்கள்.

எர்த் உள்ள மூன்று முனை பிளக் மட்டுமே போடுங்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் காட்டுவது சிலர் வழக்கம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது! சுற்றும் ஃபேனில் பிஞ்சு விரல் அகப்படும். உள்ளே உலோகமும் நல்ல சூடாக இருக்கும்.

நீங்கள் கேட்கலாம்...

*கார்டின் ஃபேன் சுற்றவே இல்லையே, கெட்டுவிட்டதா?*

சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும்படி இன்றைய கார்டுகள் பலவற்றை அமைத்திருக்கிறார்கள். சூடு 50, 60 டிகிரியைத் தாண்டினால் தானே சுற்றும். 70-லும் சுற்றாவிட்டால் காட்டுங்கள்.

*ஒரே கார்டில் 75 என்றும் 90 என்றும் இரண்டு எண் வருகிறதே?*

இரண்டாவது, சில்லின் மிகச் சூடான புள்ளி. அது 10, 15 டிகிரி கூடத்தான் இருக்கும். அதற்கு வரம்பும் அதிகம். கணக்கு எழுத முதல் எண்ணையே எடுத்துக் கொள்ளுங்கள்.

*ஏ.ஸி. போட்டே ஆக வேண்டுமா?*

வேண்டியதில்லை. ஜன்னல் திறந்து காற்று ஓடினாலே போதும். விளையாட்டில் ஒரு நொடிக்கு 60 படம் போதும் என்று பிள்ளையை அமைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். கார்டின் வேலை குறையும். சூடும், கரண்ட் பில்லும் குறையும்.

*ஏர் கூலர் முன்னால் வைக்கலாமா?*

வேண்டாம். ஈரக்காற்று நேரே பெட்டிக்குள் போவது நல்லதல்ல.

இனிமேல் பிள்ளை ஓடி வந்து "83 டிகிரிம்மா!" என்றால் பதறாதீர்கள். "அறை எத்தனை டிகிரி? கழிச்சுச் சொல்லு" என்று கேளுங்கள். 'அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்று அவன் முழிப்பதைப் பார்க்க வேண்டுமே!